ஹோல்பைனின் வல்லூறும் என் வகுப்புக் குழந்தைகளும்: கதையை முதலில் சொல்லியிருக்க வேண்டுமா?

கரிக்கோல் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஓவிய ஆசிரியை. சென்ற வாரம் ஒன்பது, பத்து வயதுக் குழந்தைகள் 26 பேருக்கு ஒரே ஒரு ஓவியத்தைக் காட்டி இரண்டு பாடவேளைகளைக் கழித்தேன். சக ஆசிரியர் ஒருவர் நான் செய்தது தவறு என்கிறார். உங்கள் கருத்தைக் கேட்கவே இந்த இழை.

ஓவியம், ஜெர்மானிய ஓவியர் இளைய ஹான்ஸ் ஹோல்பைன் 1533-இல் இங்கிலாந்தில் வரைந்த ராபர்ட் சீஸ்மனின் உருவப்படம். இப்போது நெதர்லாந்தின் தி ஹேக் நகரில், மௌரிட்ஸ்ஹவுஸ் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. பலகையில் தைல வண்ணம். அகலமும் உயரமும் ஏறக்குறைய 60 செ.மீ. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கறுப்புத் தொப்பி, மென்மயிர்க் கழுத்துப்பட்டை, செம்பட்டுச் சட்டை அணிந்த ஒரு மனிதர். இடது கையில் கையுறை. அதன்மேல் ஒரு வேட்டை வல்லூறு. பறவையின் கண்களை மறைத்து ஒரு தோல் குல்லா. காலில் ஒரு சிறு மணி. அவருடைய வலது கை பறவையின் இறகுகளை வருடுகிறது. ஆனால் பார்வை பறவைமேல் இல்லை, படத்துக்கு வெளியே எங்கோ போகிறது. தலைக்கு இருபுறமும் பொன்னெழுத்துகளில் லத்தீன் வரி: பெயர், வயது 48, ஆண்டு.

நான் இதில் எதையும் சொல்லவில்லை. படத்தைத் திரையில் போட்டுவிட்டு, பத்து நிமிடம் யாரும் பேசாமல் பார்க்க வேண்டும் என்றேன். முதல் இரண்டு நிமிடம் நெளிந்தார்கள். ஐந்தாவது நிமிடத்தில் ஒரு சிறுமி எழுந்து திரைக்கு அருகே போய், அவருடைய இரண்டு கைகளையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு தன் இடது கையை முறுக்கி அதேபோல் வைத்துப் பார்த்தாள். அதைப் பார்த்து ஆறேழு பேர் அப்படியே செய்தார்கள்.

பத்து நிமிடம் முடிந்ததும் வந்த முதல் கேள்வி: "பறவையின் பெயர் எங்கே எழுதியிருக்கிறது?"

இன்னொருவன் சொன்னான்: "அந்தப் பறவைக்கு யாரையும் தெரியாது. அவர் யாரையும் பார்க்கவில்லை. நாம்தான் இரண்டு பேரையும் பார்க்கிறோம்." இந்தப் படத்தை எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன், எனக்கு இது தோன்றியதே இல்லை.

பிறகு, எழுதலாம், வரையலாம், களிமண்ணில் பிடிக்கலாம், நடித்தும் காட்டலாம் என்று விட்டுவிட்டேன். பதினோரு பேர் பறவை பேசுவதாக எழுதினார்கள். ஒருத்தி தாள் முழுவதையும் கரியால் கறுப்பாக்கி, ஓரத்தில் மட்டும் ஒரு வெளிச்சக் கோடு விட்டு, "குல்லாவுக்குள்ளே" என்று பெயரிட்டாள். ஒரு பையன் மனிதரையும் விட்டான், பறவையையும் விட்டான். கையுறையை மட்டும், அதன் ஒவ்வொரு மடிப்போடும் வரைந்தான். நான்கு பேர், தப்பிப் போன பறவை என்று வானத்தை வரைந்தார்கள்.

"இந்த வேட்டை என்ன, இவர் யார், இது எந்தக் காலம் என்று முதலில் சொல்லியிருந்தால் பிள்ளைகள் பொருளோடு எழுதியிருப்பார்கள். இப்போது எழுதியதெல்லாம் வெறும் கற்பனை" என்பது சக ஆசிரியரின் கட்சி. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நாணல் எழுதியது:

டீச்சர், உங்கள் சக ஆசிரியர் பக்கம்தான் நான். குழந்தை தானாகப் பார்க்கட்டும் என்பது காதுக்கு இனிமை. ஆனால் தெரியாத ஒன்றின்மேல் தெரிந்ததைத்தான் குழந்தை ஒட்டும். பறவையைக் கையில் வைத்திருப்பவர் என்றதும் கூண்டு, சிறை, விடுதலை. நான்கு பேர் வானத்தை வரைந்ததில் எனக்கு வியப்பில்லை. எந்தப் பறவைப் படத்தைக் காட்டியிருந்தாலும் அதைத்தான் வரைந்திருப்பார்கள்.

ஒரே ஒரு தகவலை முன்னால் போட்டிருக்கலாம். இந்தப் படம் இங்கிலாந்து அரச குடும்பத்தின் சேகரிப்பில் இருந்தது. மூன்றாம் வில்லியம் அரசர் இதைத் தம் டச்சு அரண்மனைக்குக் கொண்டுபோய்விட்டார். அவருக்குப் பின் பட்டத்துக்கு வந்த ஆன் அரசி திருப்பிக் கேட்டும் கிடைக்கவில்லை. எஜமானர் கையில் உட்கார்ந்தபடியே கடல் தாண்டிப் போய்த் திரும்பாத பறவை! இதைச் சொல்லிவிட்டுத் தாளைக் கொடுத்திருந்தால் என்ன எழுதியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

இன்னொன்று. சீஸ்மன் இங்கிலாந்து அரசர் எட்டாம் ஹென்றியின் வல்லூறுப் பாகர் என்று வெகுகாலம் நம்பினார்கள். அவர் மிடில்செக்ஸ் பகுதியின் பணக்கார நிலக்கிழார். பறவை அந்தஸ்தின் அடையாளமாகக் கையில் ஏறியிருக்கிறது. பெரியவர்களே தகவல் இல்லாமல் தப்பாகப் படித்த படம் இது.

பைரிநோக்கி எழுதியது:

நான் பறவை பார்ப்பவன், ஓவியம் தெரியாது. சில விஷயங்கள் மட்டும்.

குல்லாவைத் தண்டனை என்று குழந்தைகள் நினைத்திருப்பார்கள். வல்லூறு கண்ணால் வாழும் பறவை. கண்ணில் படும் ஒவ்வோர் அசைவும் அதை உசுப்பும். வெளிச்சம் மறைந்தால் அடங்கிவிடும். கூட்டத்துக்கு நடுவே பறவை பதறி, காலில் கட்டிய வாரோடு கையிலிருந்து தலைகீழாகத் தொங்கி இறகை ஒடித்துக்கொள்ளாமல் இருக்கத்தான் குல்லா. இந்தக் குல்லாவை ஐரோப்பியர் அரபு மக்களிடமிருந்து கற்றுக்கொண்டார்கள். வல்லூறு வேட்டை பற்றி லத்தீனில் பெரிய நூல் எழுதிய பேரரசர் இரண்டாம் பிரெடெரிக் (1194–1250) அதை அந்த நூலிலேயே ஒப்புக்கொள்கிறார்.

மணி அழகுக்காக இல்லை. இரையோடு புதருக்குள் இறங்கிவிட்ட பறவையைக் கண்டுபிடிக்க அந்தக் காலத்தில் வேறு வழி கிடையாது. பாகர் மூச்சைப் பிடித்துக்கொண்டு மணிச்சத்தம் வரும் திசையைத்தான் தேடுவார்.

அடுத்து, வல்லூறுகளில் பெண்தான் பெரியது. ஆண் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு சிறியது. ஐரோப்பியப் பாகர்களின் வழக்கில் ஆணுக்குத் தனிப்பெயரே உண்டு. பெருமைக்குரிய வேட்டைப் பறவை என்றால் பெரும்பாலும் பெண்தான்.

தமிழில் எப்படிச் சொன்னீர்கள்? குழந்தைகள் எல்லாவற்றையும் "கழுகு" என்றுவிடுவார்கள், பத்திரிகைகளும் அப்படித்தான். நம்மிடம் சொல்லுக்குப் பஞ்சமே இல்லை: வல்லூறு, ராஜாளி, பைரி, எழால். கடைசிச் சொல் குறுந்தொகையிலேயே இருக்கிறது. இணையைப் பிரிந்த பேடையின்மேல் பாயும் பறவையாக வருகிறது.

மைக்கூடு எழுதியது:

என் மகளுக்கு வயது ஒன்பது. கரிக்கோல் அக்கா பதிவைப் படித்ததும் அவளுக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். பத்து நிமிடமெல்லாம் இல்லை, மூன்று நிமிடம்தான் தாங்கினாள். பிறகு கேட்டாள்: "அம்மா, தடவுகிற கையில் மட்டும் ஏன் உறை இல்லை?"

நானும் அப்போதுதான் கவனித்தேன். நகம் படும் கைக்கு உறை. இறகு படும் கைக்கு ஒன்றும் இல்லை. பைரிநோக்கி ஐயா சொன்னதைப் போல இந்தக் கருவிகளெல்லாம் எதற்கு என்று நமக்குத் தெரியாவிட்டாலும், படமே ஒரு பாதியைச் சொல்லிவிடுகிறது.

ஒன்று கேட்க வேண்டும் அக்கா. பறவை பேசுவதாக எழுதிய பதினோரு பேரும் சீஸ்மனை எப்படி அழைத்தார்கள்? நீயா, நீங்களா?

கரிக்கோல் எழுதியது:

மைக்கூடு, நீங்கள் கேட்ட பிறகுதான் தாள்களை மறுபடி எடுத்துப் பார்த்தேன். ஏழு பேர் "நீ" என்று எழுதியிருக்கிறார்கள். மூன்று பேர் "நீங்கள்". ஒருவன் தொடக்கத்தில் "ஐயா, எனக்குக் கால் வலிக்கிறது" என்று ஆரம்பித்து, பாதியில் "ஏன் என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாய்?" என்று ஒருமைக்கு மாறிவிட்டான். முதலில் பிழை என்று நினைத்துச் சிவப்பு மையில் வட்டம் போட்டிருக்கிறேன்! அந்த வட்டத்தை இப்போது எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. அவன் தெரிந்து செய்தானோ தெரியாமல் செய்தானோ, அந்த இடத்தில்தான் பறவைக்குக் கோபம் வருகிறது.

பைரிநோக்கி ஐயா, நான் "பறவை" என்று மட்டுமே சொன்னேன். குழந்தைகள் கழுகு, பருந்து, கிளி என்று வரிசையாகச் சொல்லிப் பார்த்தார்கள். (ஆம், ஒருவனுக்கு அது கிளி.) உங்கள் சொற்களைப் பலகையில் எழுதப்போகிறேன். பெண் பறவை என்ற செய்தியும் வேண்டும். ஒரு மாணவன் அதைப் "படைவீரன்" என்று எழுதியிருக்கிறான்.

நாணல், கடல் தாண்டிய கதை அருமை. ஆனால் அதை முன்னால் சொல்லியிருந்தால் 26 பேரும் கடலைத்தான் எழுதியிருப்பார்கள். கையுறைப் பையன் கையுறையைப் பார்த்திருக்கவே மாட்டான். எனக்கு அந்தப் பயம்தான்.

வெண்தாள் எழுதியது:

எல்லோரும் அழகு அழகு என்கிறீர்கள். காட்டுப் பறவையைப் பிடித்து, கண்ணை மூடி, காலில் வார் கட்டி, பட்டினி போட்டுப் பழக்குவதைக் குழந்தைகளுக்கு ஏன் காட்ட வேண்டும்? தப்பிப்போன பறவையை வரைந்த அந்த நான்கு பேர்தான் சரியாகப் புரிந்துகொண்டவர்கள் என்பேன். நாணல் அவர்களை இப்படித் தள்ளிவிட்டது எனக்குப் பிடிக்கவில்லை.

பைரிநோக்கி எழுதியது:

வெண்தாள், உங்கள் கேள்வி நியாயமானது. பூசி மெழுகாமல் சொல்கிறேன். பறவையின் எடையைக் கணக்கிட்டு, பசியை அளந்துதான் பழக்குகிறார்கள். முதலில் மணிக்கணக்கில் கையில் சுமந்து மனிதருக்குப் பழக்குவார்கள். பிறகு கையிலிருந்தே உணவு. பிறகு நீளக் கயிறு கட்டிச் சிறு பறத்தல். கடைசியில் கயிறு இல்லாமல் விடுவார்கள். அது திரும்பி வருவது அன்பினால் அல்ல, உணவு அங்கே கிடைக்கும் என்பதால். எந்த நாளும் வராமல் போகலாம். நாய் போல் அடங்கிய விலங்கு என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.

மறுபக்கமும் உண்டு. டிடிடி பூச்சிக்கொல்லியால் முட்டையின் ஓடு மெலிந்து, அமெரிக்காவில் பைரிகள் அழிவின் விளிம்புக்குப் போயின. அவற்றைக் கூண்டில் குஞ்சு பொரிக்க வைத்துக் காட்டில் விட்ட முயற்சியின் முன்னோடி டாம் கேட். பறவையியல் பேராசிரியர், வல்லூறு வளர்த்த வேட்டைக்காரர். அவர் 1970-இல் தொடங்கிய அமைப்பின் வேலையில், பாகர்களின் பழைய கைப்பழக்கம்தான் முதலீடு. 1999-இல் அமெரிக்கா பைரியை அருகிவரும் இனங்களின் பட்டியலிலிருந்து நீக்கியது.

இரண்டையும் குழந்தைகளிடம் சொல்லலாம். எந்தப் பக்கம் நிற்பது என்று அவர்களே சண்டை போடட்டும்.

பழையஏடு எழுதியது:

தாமதமாக வருகிறேன். அடுத்த முறைக்கு ஒரு கதை தருகிறேன், ஹோல்பைனுக்குப் பக்கத்தில் வைத்துக் காட்டலாம்.

1619-இல் பாரசீக மன்னர் ஷா அப்பாஸ், முகலாயப் பேரரசர் ஜஹாங்கீருக்கு ஓர் அரிய வல்லூறை அனுப்பினார். கொண்டுவந்த வேட்டைத் தலைவரின் கவனக்குறைவால் வழியில் ஒரு பூனை அதைக் கடித்துக் குதறிவிட்டது. அரசவைக்கு வந்து சேர்ந்தும் ஒரு வாரத்துக்கு மேல் அது பிழைக்கவில்லை. அதன் நிறத்தையும் சிறகிலும் முதுகிலும் இருந்த கரும்புள்ளிகளையும் வியந்த ஜஹாங்கீர், அப்படியே வரைந்து வைக்கும்படி தம் அரசவை ஓவியர் உஸ்தாத் மன்சூருக்கு ஆணையிட்டார். இதைத் தம் நினைவுக் குறிப்பில் தாமே எழுதி வைத்திருக்கிறார். பூனைக்குப் பறவையைக் காவு கொடுத்த அந்த வேட்டைத் தலைவருக்கு 2,000 ரூபாய் கொடுத்து அனுப்பியதாகவும் அதிலேயே இருக்கிறது.

மன்சூர் வரைந்ததாகக் கருதப்படும் வல்லூறு ஓவியம் ஒன்று பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அதில் மனிதரே இல்லை. தண்டின்மேல் பறவை மட்டும். ஹோல்பைனில் மனிதரின் உருவப்படம், பறவை துணைக்கு வருகிறது. மன்சூரிடம் பறவைக்கே உருவப்படம். "பறவையின் பெயர் எங்கே?" என்று கேட்ட குழந்தைக்கு முதலில் இதைக் காட்டுங்கள்.

நாணல் எழுதியது:

வெண்தாள், நான் யாரையும் தள்ளவில்லை. எளிதாக வந்த முதல் எண்ணத்தோடு நின்றுவிடக் கூடாது என்றேன். வானத்தை வரைந்தவர்களிடம் ஒரு கேள்வி கேளுங்கள்: அந்த மணியோடும் வாரோடும் காட்டில் அது எப்படிப் பிழைக்கும்? வார் மரக்கிளையில் சிக்கினால் தலைகீழாகத் தொங்கியே செத்துவிடும். அப்போது படம் மாறும்.

கரிக்கோல் டீச்சருக்கு ஒரு சமரசம். முதலில் பார்க்கட்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் முதல் தாளோடு முடிக்காதீர்கள். பிறகு தகவல், பிறகு இரண்டாவது தாள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டுங்கள்.

பிரெடெரிக்கைப் பற்றிப் பைரிநோக்கி சொன்னதால் நினைவுக்கு வந்தது. பாறுக் கழுகுகள் பிணத்தை மோப்பத்தால் கண்டுபிடிக்கின்றன என்று எல்லோரும் சொன்னபோது, அவர் அவற்றின் கண்ணை மூடிச் சோதித்தார். இரை பக்கத்தில் இருந்தும் அவற்றுக்குத் தெரியவில்லை என்று எழுதினார். ஏடு சொல்வதை விடப் பறவை சொல்வதை நம்பிய மனிதர். உங்கள் கட்சிக்கே அவரைச் சாட்சியாகத் தருகிறேன், எடுத்துக்கொள்ளுங்கள்.

பைரிநோக்கி எழுதியது:

சோதனை என்றதும் இன்னொரு யோசனை. பெண் பைரி ஏறக்குறைய ஒரு கிலோ எடை இருக்கும். ஒரு கிலோ மணல் பையை இடது கை முட்டியின்மேல் வைத்து, முழங்கையை உடலில் ஒட்டாமல் பிடிக்கச் சொல்லுங்கள். சீஸ்மனின் முகம் ஏன் அப்படி இருக்கிறது என்று தெரியும்.

கரிக்கோல் எழுதியது:

செய்து பார்த்தேன்! விவரமாக எழுதுகிறேன்.

முதலில் மணல் பை. பெருமையாக வாங்கினார்கள். ஒரு நிமிடத்தில் கை இறங்கியது. இரண்டாவது நிமிடத்தில் வகுப்பே முனகியது. மூன்று நிமிடம் தாக்குப்பிடித்தது இரண்டே பேர். அதில் ஒருத்தி கேட்டாள்: "படம் வரைந்து முடிக்கும்வரை இவர் எப்படிப் பிடித்துக்கொண்டிருந்தார்?" இதைவிட நல்ல இடம் கிடைக்காது என்று அங்கேதான் முதல் தகவலைச் சொன்னேன். ஹோல்பைன் பெரும்பாலும் ஆளை எதிரில் வைத்துச் சுண்ணக்கோலால் முகத்தை வரைந்துகொண்டு, வண்ணத்தைப் பிறகு தீட்டுவார். அப்படிப்பட்ட ஏறக்குறைய 80 கோட்டோவியங்கள் வின்ட்சர் அரண்மனைச் சேகரிப்பில் இருக்கின்றன. உடனே, "அப்படியானால் பறவையை மட்டும் தனியாக வரைந்திருக்கலாமா? அதனால்தான் இவர் அதைப் பார்க்கவில்லையா?" என்று ஒருவன் பிடித்துக்கொண்டான். அவன் வாயை அடைக்க என்னிடம் பதில் இல்லை, அடைக்கவும் விரும்பவில்லை.

அதன்பின் ஒவ்வொன்றாகக் கேட்டார்கள், கேட்டதற்கு மட்டும் சொன்னேன். குல்லா எதற்கு, மணி எதற்கு, ஆணா பெண்ணா. பெண் என்றதும் "படைவீரன்" எழுதிய மாணவன் தலையைப் பிடித்துக்கொண்டான். பறவைகள் எங்கே தங்கின என்று ஒருத்தி கேட்டாள். லண்டனில் அரசரின் வேட்டைப் பறவைகளுக்கு 'மியூஸ்' என்ற கட்டடமே இருந்தது, படம் வரைந்த மறு ஆண்டு, 1534-இல், அது தீயில் எரிந்தது, பிறகு அந்த இடம் குதிரை லாயமாயிற்று, இன்று அங்கே நேஷனல் கேலரி என்ற ஓவியக்கூடம் நிற்கிறது என்றேன். வகுப்பு சற்று நேரம் அமைதியாகிவிட்டது. "உள்ளே பறவைகள் இருந்தனவா?" என்று யாரோ மெதுவாகக் கேட்டார்கள்.

பிறகு இரண்டாவது தாள். நாணல், உங்கள் பேச்சைக் கேட்டுப் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டினேன். வானம் வரைந்த நால்வரில் இருவர் மறுபடியும் வானத்தையே வரைந்தார்கள், ஆனால் காலில் வார் தொங்குகிறது. மூன்றாமவன் அதை மரத்தில் சிக்கவைத்தான். நான்காவது பெண் வாரை அறுக்கும் சீஸ்மனை வரைந்திருக்கிறாள். வெண்தாள், இந்தப் படத்தை உங்களுக்கு அனுப்பி வைக்கவேண்டும் போலிருந்தது.

கறுப்புத் தாள்காரி இந்த முறை வண்ணத்தைத் தொடவில்லை. மணிச்சத்தத்தை மட்டும் எழுத்தில் எழுதினாள். தாளின் மேலே பெரிய எழுத்தில் "கிணிங்". கீழே போகப்போகச் சிறிதாகி, கடைசி வரியில் கண்ணுக்கே தெரியாத அளவில் ஒரு "கி".

கையுறைப் பையனைச் சொல்லாமல் முடிக்க முடியாது. யாரிடமும் அதிகம் பேசாதவன். இரண்டாவது தாளிலும் அதே கையுறை. ஆனால் மடிப்புகளுக்கு நடுவே நகக்கீறல்கள், நூற்றுக்கு மேல் இருக்கும், ஒவ்வொன்றும் வேறு ஆழம். இத்தனை எதற்கு என்றேன். "தினமும் வந்து உட்கார்ந்தது அல்லவா?" என்றான்.

வெண்தாள் எழுதியது:

வாரை அறுக்கும் படத்தைப் பார்க்க எனக்கும் ஆசைதான். குழந்தையின் பெயர் தெரியாமல் இங்கே பதிவேற்ற முடியுமா?

மைக்கூடு எழுதியது:

அக்கா, அவசரமாக ஒரு சந்தேகம். என் மகள் அந்தப் படத்தைத் தானே வரைகிறாள். பொன்னெழுத்துகள் எழுத வேண்டும் என்று ஒரே பிடிவாதம். வீட்டில் பொன்வண்ணம் இல்லை. என்ன செய்வது?

கரிக்கோல் எழுதியது:

மஞ்சளில் பழுப்பை ஊசிமுனை அளவு கலந்து, மெல்லிய தூரிகையால் எழுதச் சொல்லுங்கள். பின்னணி கரும்பச்சையாகவோ கருநீலமாகவோ இருந்தால்தான் எடுக்கும். நன்றாக உலர்ந்த பிறகு ஒவ்வோர் எழுத்தின் இடப்பக்க விளிம்பில் மட்டும் வெள்ளைக் கோடு, மயிரிழை போல. ஈரமாக இருக்கும்போது வைத்தால் கலங்கிவிடும். பெயர் நீளம் என்பதால் முதலில் பென்சிலால் இடம் பிரித்துக்கொள்ளட்டும்.

மைக்கூடு எழுதியது:

நன்றி அக்கா. பெயர் நீளமில்லை, மூன்றே எழுத்து. சீஸ்மன் பெயரை எழுதப்போவதில்லையாம். பறவைக்கு "மின்னி" என்று வைத்திருக்கிறாள், வயது 4.